பின்கட்டில் ஒரு மஸ்கட்

உக்காரு தாயி. இந்த ஃபேன் கொஞ்சம் லொடலொடங்கும், மத்தபடி காத்து நல்லா வரும். ஒன் வீட்டுக்காரர் வெளியவே நிக்கட்டும், வண்டியில சாஞ்சு போனத்தான பாத்துக்கிட்டிருக்காரு. நீ உள்ள வரும்போதே மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. முக்குல டீக்கடைக்காரன் வாயத் தொறந்திருப்பானே? அந்த வீடா, அதுல பேய் இருக்குல்லன்னு சொல்லியிருப்பானே? எனக்குத் தெரியும். உனக்கு முன்னால வந்து பாத்தவுக எல்லாம் நல்ல வீடு நல்ல வீடுன்னு சொல்லிட்டுப் போயி, மறுநா போன எடுக்கல. வாடகையப் பாதியாக் கொறச்சும் ஆள் வரல.

பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான் சொல்றேன் நெசம் என்னன்னு. ஆனா தெருவுல மூச்சு விடக்கூடாது. ஒன் வீட்டுக்காரர்கிட்டகூட ராஜபாளையத்தத் தாண்டினப்பெறகு சொல்லு. சரியா? உன்னப் பாத்தா வாயாடியாத் தெரியல, அதான் சொல்றேன். எனக்கு இந்த வாடகை வேணும். எம் மக கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்கிறா, கடைசி வருசம்.

இந்த வீட்ல சத்தம் கேட்டது வாஸ்தவம். இருமுற சத்தம், பீடி வாடை, ஆரோ நடக்குற மாதிரி. எல்லாம் வாஸ்தவந்தான். அது பேய் இல்ல தாயி. எங்க வீட்டுக்காரர்.

என்ன அப்பிடிப் பாக்குற? தெருவுல கேட்டா மஸ்கட்ல இருக்காகன்னு சொல்லுவாக. நாந்தான் அப்பிடிச் சொன்னேன்.

மொதல்ல இருந்து சொல்றேன். அவுக மில்லுல மேஸ்திரி. ஸ்பின்னிங்ல. இருவத்தாறு வருசம் பஞ்சுத் தூசியத் தின்னுட்டு இருமிக்கிட்டே வேல பாத்தாக. ஒரு நா மொதலாளி மில்லு கேட்டப் பூட்டிட்டான். செட்டில்மெண்ட் தாரோம், தாரோம்னு சொன்னான், இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான். வேல போனது எனக்குப் பெரிசாத் தெரியல. நான் சமாளிப்பேன். சிலிண்டர மூணு மாசம் இழுத்திருக்கேன். ஒரு தேங்கா மூடிய நாலு நாளைக்கு வச்சிருக்கேன். எங்க வீட்டு வரவு செலவு எல்லாம் எங் கைதான், அவுக சம்பளத்தக் குடுத்துட்டு டீக்காசு வாங்கிட்டுப் போற மனுசன். எனக்குத் தாங்காதது என்னன்னா, தெரு மாறிப் போச்சு பாரு, அதுதான்.

நம்ம அண்ணாச்சி மளிகைக் கடையில இருவது வருசமா பத்துக் கணக்குதான், கடனுக்குத்தான் வாங்குவேன். மாசம் பொறந்தாக் குடுப்பேன். மில்லு பூட்டின மறு வாரம் போயி நிக்கிறேன், "வடிவு, இனிமே ரொக்கம்னா நல்லாருக்கும்மா"ங்கிறாரு. பாக்கெட்ட எடைபோட்டு மேசையில வச்சிட்டு அதுமேல கையையும் வச்சிருக்காரு! காச நீட்டினாத்தான் கையை எடுப்பாராம். பால்காரன் அப்பிடி. மகளிர் குழுவுல மகளோட படிப்புக்குக் கடன் கேட்டு எழுதியிருந்தேன், தலைவி வந்து "அக்கா, அண்ணனுக்கு ஒரு வேல அமையட்டும், அப்புறம் பாப்போம்"னுட்டா. அவ கல்யாணத்துக்கு என் தோடக் கழட்டிக் குடுத்தவ நான். வயிறு எரியாதா? சொல்லு.

அவுகளும் சும்மா இருக்க மாட்டாக. காலையில சங்கு ஊதினதும் எந்திரிச்சுருவாக. எந்த மில்லு சங்கு ஊதினாலும் எந்திரிச்சுருவாக. எந்திரிச்சுக் குளிச்சு வாசல்ல வந்து உக்காந்துருவாக. போறவன் வாரவன் எல்லாம் "என்ன மேஸ்திரி, ஒண்ணும் அமையலயா?" "அமையல." "என்ன மேஸ்திரி?" "அமையல." ஏன்யா, உள்ள வந்துதான் உக்காரேன்னு நான் கத்துவேன். "உள்ள என்ன வேல இருக்கு வடிவு?"ம்பாக.

பெறகு அவுக அக்கா வீட்டுக்கு, தென்காசிக்கு, கைமாத்துக் கேட்டுப் போனாக. போன எடத்துல காய்ச்சல் வந்து படுத்துட்டாக. பத்து நா இருக்கும். நான் இங்க அண்ணாச்சி கடையில நிக்கிறேன். கடை நெறைய ஆளு. "எங்க மேஸ்திரிய வாசல்ல காணோம்?"னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு. எல்லாரும் திரும்பிப் பாக்குறாளுக. எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ, "மஸ்கட் போயிருக்காக அண்ணாச்சி, ஏசி மெக்கானிக் வேல"ன்னுட்டேன்.

ஆத்தாடி! நீ பாத்திருக்கணும். மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு. ஸ்டூல எடுத்துப் போடுறாரு. "சொல்லவே இல்லையே வடிவு"ங்கிறாரு. அன்னைக்கு ஒரு மாசச் சாமான் ஆட்டோவுல வந்து எறங்குச்சு, நல்லெண்ணெயோட. மறுநா பால்காரன் தானா வந்து ஊத்திட்டுப் போறான். அந்த வாரமே குழுவுல கடன் பாஸ். ஒரு பொய்யி தாயி, ஒத்தப் பொய்யி. இருவத்தாறு வருசம் உழைச்ச மனுசனுக்குக் கெடைக்காத மரியாத, இல்லாத மனுசனுக்குக் கெடச்சுச்சு.

இதுக்கு மேல எப்பிடி அத வாபஸ் வாங்குறது?

அவுக மொதப் பஸ்ஸுல வந்து எறங்கி, விடியக்காலம் சந்து வழியா நடந்து வாராக. நான் பின்வாசல்ல கோலப்பொடியோட நிக்கிறேன். கையப் புடிச்சு உள்ள இழுத்துக் கதவச் சாத்திட்டேன். வெவரத்தச் சொன்னேன். கோவப்படுவாகன்னு நெனச்சேன். சிரிச்சாக! "அங்க எனக்கு என்னடி வேல?"ன்னு கேட்டாக. ஏசி மெக்கானிக்குன்னேன். "ஏன், மேஸ்திரி வேல அங்க இல்லையாமா?"ன்னு அதுக்கும் சிரிச்சாக. நானும் வாயில சீலையப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். ரெண்டு மாசந்தான், காலேஜுக்குப் பணம் கட்டுற வரைக்குந்தான், பெறகு வேல பிடிக்கலன்னு திரும்பி வந்துட்டதாச் சொல்லிருவோம்னேன். சரின்னாக. நான் என்ன சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவாக. இப்ப நான் கட்டாயப்படுத்தினேன்னு ஆரும் பேசக்கூடாதுல்ல, அதுக்காகச் சொல்றேன். சரின்னுதான் சொன்னாக.

அந்தா தெரியுது பாரு, அடுப்படிக்கு அந்தப்பக்கம், அந்த ரூமு. குளிக்கிற எடமும் அதுக்குள்ளயே. சன்னல்ல அட்டையக் குடுத்து அடைச்சேன். செருப்புப் போடக்கூடாது. கொழாயத் தொறந்து விடக்கூடாது, செம்புல மோந்துதான் ஊத்தணும். ஆரு கதவத் தட்டினாலும், ஆரு என்ன கேட்டாலும், வாயே தொறக்கக்கூடாது. எல்லாத்தையும் பழகிக்கிட்டாக. இருமலத்தான் பழக்க முடியல.

அதுக்கும் ஒரு வழி பண்ணேன். நான் நைட்டி தைக்கிறேன்ல, ஊருக்கே அதான தொழிலு. அவுக உள்ள இரும ஆரம்பிச்சா நான் மிஷின மிதிப்பேன். துணி இருக்கோ இல்லையோ, கடகடன்னு மிதிப்பேன். இருமல் கேக்காது. அவுகளும் சும்மா இல்ல, தச்ச நைட்டிக்குப் பிசிறு வெட்டி, கடைக்குப் போற மாதிரி அட்டை வச்ச கணக்கா மடிச்சுக் குடுப்பாக. அப்பிடி ஒரு மடிப்பு எனக்கே வராது.

மகளுக்கும் மஸ்கட்டுன்னுதான் சொன்னேன். சின்னப் பிள்ளை, ஒளறிட்டா? ஞாயித்துக்கெழமை வாட்சப்புல பேசுவா. இவுக அந்த ரூமுக்குள்ள போர்வையப் போத்திக்கிட்டு மெதுவாப் பேசுவாக. அங்க மணி நம்மளவிட ஒன்றரை மணி நேரம் கம்மியாம், மகதான் சொன்னா, அதையும் கணக்கா வச்சுக்கிட்டு "இப்பத்தான் தாயி சாப்புட ஒக்காந்தேன்"ம்பாக. ஒரு நா வாய் தவறி, "இங்க வெயிலே கண்ணுல படல தாயி"ன்னுட்டாக. அவ சிரிச்சா. "பாலைவனத்துல வெயில் இல்லையா? என்னப்பா கத விடுற!"ங்கிறா. இவுகளும் சிரிச்சாக. பேசி முடிச்சிட்டுப் போன வச்சிட்டு, செவத்தப் பாத்து உக்காந்திருந்தாக. கால் மரத்திருக்கும்னு நெனச்சேன்.

ரெண்டு மாசம் மூணாச்சு, நாலாச்சு. எப்பிடி நிறுத்துறது? நிறுத்தினா அண்ணாச்சி பழைய பாக்கியக் கேப்பாரு. குழுத் தவணை மாசாமாசம். மஸ்கட்டு மனுசன் பணம் அனுப்புறாகன்னு ஊரு நெனைக்குது, பணம் எங்க இருந்து வரும்? அதுக்குத்தான் இந்த முன்கட்ட வாடகைக்கு விட்டேன். புருசன் வெளிநாட்டுல, பொம்பளை தனியா இருக்க பயமா இருக்கு, தொணைக்கு ஆளு வேணும்னு சொன்னேன். எப்பிடி? நான் ஒண்ணும் கூறுகெட்டவ இல்ல தாயி. ஒத்தத் தவணை தவறினது இல்ல இன்னைக்கு வரைக்கும்.

செண்பகம்னு ஒரு பிள்ளை வந்தா, புருசனோட. நல்ல பிள்ளை. ஆறு மாசம் முழுகாம இருந்தா. அவன் வேலைக்குப் போயிருவான், இவ பகல் பூராம் இங்க தனியா. "அக்கா, ஆரோ இருமுற மாதிரி இருக்கு." பூனைம்பேன். "அக்கா, பீடி வாடை." சந்துல எவனாவது குடிச்சிருப்பாம்பேன். அன்னைக்கு ராவோட ராவா பீடிக்கட்டப் புடுங்கி அடுப்புல போட்டேன். அதுக்கும் சரின்னுட்டாக. "அக்கா, செவத்துக்கு அந்தப்பக்கம் ஆரோ மூச்சு விடுறாங்கக்கா"ன்னு அழுவா. செவத்துல காத வச்சுக் கேட்டா எல்லாந்தான் கேக்கும், ஏன் போயிக் காத வைக்கிறன்னு நான் சத்தம் போட்டேன். வயித்துப்பிள்ளைக்காரிய அப்பிடிச் சத்தம் போட்டிருக்கக்கூடாது, சரிதான்.

இவுக வெவரமா இருந்திருந்தா அதோட போயிருக்கும். ஒரு நா நானும் வீட்ல இல்ல, அவளும் ஆசுபத்திரிக்குப் போயிட்டா. திடீர்னு மழை. பின்னாடி கொடியில அந்தப் பிள்ளையோட துணி பூராம் காயுது. பொறக்கப்போற பிள்ளைக்குன்னு பழைய வேட்டியக் கிழிச்சு வச்சிருந்தா, அதுவும் காயுது. இந்த மனுசன் என்ன செஞ்சாக தெரியுமா? வெளிய போயி அம்புட்டையும் எடுத்து, மடிச்சு, அவ வாசப்படியில அடுக்கி வச்சிட்டு உள்ள போயிட்டாக. நனையுதேன்னு நெனச்சாகளாம். அவ வந்து பாக்குறா. பூட்டின வீடு. ஆளில்லாத வீடு. துணி கடையில மடிச்ச மாதிரி அடுக்கி இருக்கு. அங்கயே மயக்கம் போட்டு விழுந்துட்டா.

அன்னைக்கு நான் அவுகளப் பேசின பேச்சு கொஞ்சநஞ்சம் இல்ல. "உமக்குக் கூறு இருக்கா? நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போகுது. நீரு இங்க இல்லாத ஆளு. இல்லாத ஆளா இருக்க மாட்டீரா?"ன்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். எல்லாத்தையும் மெதுவாத்தான் பேசணும்.

செண்பகத்தோட புருசன் சேத்தூர்ல இருந்து பேயோட்டுற கோடாங்கி ஒருத்தனக் கூட்டியாந்துட்டான். நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல. வெள்ளிக்கெழம சாயங்காலம். தெருவே இந்த முத்தத்துல நிக்குது. அண்ணாச்சிகூட வந்து நிக்காரு. உடுக்கைய அடிச்சுக்கிட்டே வீடு பூராம் சுத்தினவன், நேரா அந்த ரூமு வாசல்ல போயி நின்னுட்டான். எப்பிடித்தான் தெரிஞ்சுதோ! "இதத் தொற"ங்கிறான். சாவி தொலஞ்சு போச்சு, உள்ள பழைய சாமாந்தான் கெடக்குன்னேன். சரின்னு வாசல்லயே சட்டியில கங்கப் போட்டு, சாம்பிராணியும் மொளகா வத்தலையும் அள்ளிப் போட்டான். பொகை கதவிடுக்கு வழியா உள்ள போகுது. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். போகுது, போகுது.

இருமிட்டாக.

பஞ்சு தின்ன நெஞ்சு, மொளகாப் பொகையத் தாங்குமா? தலகாணிய வச்சுப் பொத்திக்கிட்டுத்தான் இருமுறாக, எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கூட்டம் "ஐயோ"ன்னு பின்னாடி சாயுது. கோடாங்கி குதிக்கிறான். "பேசிருச்சு பாரு! வீட்டுக்கு ஒடையவ ஆரு? ஒடையவ வாயால சொன்னாத்தான் போகும். வா முன்னால"ங்கிறான்.

நான் என்ன செய்ய? நீ சொல்லு, நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? மிஷின் கூட்டத்துக்கு அந்தப்பக்கம் கெடக்கு. இருமல் நிக்கல. கூட்டம் காதத் தீட்டிக்கிட்டு நிக்குது. இன்னொரு தடவ இருமினா, ஏய் இது மேஸ்திரி இருமலாச்சேன்னு அண்ணாச்சியே கண்டுபிடிச்சுருவாரு. அதுக்குத்தான் கத்தினேன். இருமல் கேக்காம இருக்கத்தான் கத்தினேன். "இந்த வீட்ல ஒனக்கு எடமில்ல, போயிரு!" அவன் "இன்னும் சத்தமா"ங்கிறான். "ஒனக்குப் போட இங்க சோறில்ல, போயிரு!" "இன்னும் சத்தமா." "செத்தவன் செத்தவனாப் போ! ஆரும் ஒன்னத் தேட மாட்டாக, போ, போ!"

உள்ள சத்தம் நின்னு போச்சு.

நெலையில ஒரு ஆணி அடிக்கணும்னான். சுத்தியல் கேட்டான். அவுக மில்லுப் பொட்டியில இருந்த சுத்தியலத்தான் எடுத்துக் குடுத்தேன். அந்தா இருக்கு பாரு ஆணி. துணி கிணி மாட்டாத அதுல.

எல்லாரும் போனப்பெறகு சோத்தப் போட்டு எடுத்துட்டு உள்ள போனேன். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. நல்லாத்தான் சாப்பிட்டாக. ரசம் கேட்டு ரெண்டாம் தடவ ஊத்திக்கிட்டாக. தட்டுலயே கையக் கழுவிட்டு, என்னப் பாத்து, "நல்லாச் சொன்ன வடிவு"ன்னாக. பாராட்டினாகன்னுதான் நெனச்சேன். வேற எப்பிடி நெனைக்க? அம்புட்டுக் கூட்டத்துலயும் சமாளிச்சுட்டேன்ல. நடிப்புன்னு அவுகளுக்குத் தெரியாதா? தெரியும். தெரியாம இருக்குமா?

காலையில சங்கு ஊதினப்ப ரூமு காலி. தட்டக் கழுவிக் கவுத்து வச்சிருந்தாக. நைட்டி பூராம் மடிச்சு அடுக்கி இருந்துச்சு. போன் தலகாணிக்கு அடியில. செருப்பக்கூடப் போடல தாயி, செருப்பு அங்கனயே கெடக்கு. சத்தம் கேக்கக்கூடாதுன்னு வெறுங்காலோட போயிருக்காக.

ஆவணியில போனது. இப்ப மாசி.

போலீஸ்ல சொல்லலயான்னுதான கேக்கப்போற? மஸ்கட்ல இருக்குற மனுசன ராஜபாளையத்துல காணோம்னு எப்பிடிம்மா எழுதிக் குடுக்க? தென்காசி அக்காவுக்குப் போன் போட்டு நைசாக் கேட்டுப் பாத்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வெளிநாடு போயிட்டான்ல"ன்னு அது கோவிச்சுக்கிட்டு வச்சிருச்சு. பஸ் ஸ்டாண்டு, கோயில், சத்திரம்னு நைட்டி குடுக்கப் போற சாக்குல நானாப் போயித் தேடுறேன். ஆருகிட்டயும் போட்டோவக் காட்ட முடியாதுல்ல. மக ஞாயித்துக்கெழமை ஆனா அந்தப் போனுக்கு அடிக்கிறா. நான் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன், அடிச்சு ஓயுற வரைக்கும். பெறகு "டூட்டில இருக்கேன் தாயி"ன்னு டைப் பண்ணி அனுப்புவேன். "அப்பா ஏன் இப்பப் பேசவே மாட்டேங்குற"ன்னு போன வாரம் அழுது அனுப்பியிருக்கா.

ஆனா பங்குனியோட குழுத் தவணை முடியுது. ரெண்டே தவணைதான் பாக்கி. முடிஞ்சதும் மொத வேலையா எல்லார்கிட்டயும் சொல்லிருவேன். ஸ்டேஷனுக்கும் போயிருவேன். இம்புட்டு நாள் கட்டிட்டு இப்பப் போயிக் கெடுத்துக்கிறதா?

செண்பகம் அதுக்கப்பறம் ரெண்டு மாசம் இருந்தா. பிரசவத்துக்குப் போனவ திரும்பி வரல. பேய் போகலையாம். முன்னால இருமுச்சாம், இப்ப அழுகுதாம்.

அது நாந்தான்.

இப்பவும் ஒரு இருமல் கேக்கும் எனக்கு. பொய் சொல்லல. கேட்டதும் காலு தன்னால மிஷின மிதிச்சிரும், மிதிச்சப்பெறகுதான் ஆள் இல்லையேன்னு நெனப்பு வரும். அது என் காதுக்குள்ள இருக்குற சத்தம், உனக்குக் கேக்காது. நீ பயப்படாத.

வீட்டப் பாத்துட்டல்ல? தண்ணி இருவத்தி நாலு மணி நேரமும் உண்டு. அட்வான்ஸ் ஒரு மாசம் குடுத்தாப் போதும், உன்னால முடிஞ்சப்பக் குடு. ஆணி அடிச்சுக்கோ, சமைக்கிறத சமைச்சுக்கோ, ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். நான் நைட்டி குடுக்கப் போயிருப்பேன், வீட்ல இருக்க மாட்டேன். அப்ப பின்வாசல் கதவ ஆராவது தட்டினா, வேப்பிலை விளக்குமாறுன்னு எதையும் தூக்கிக்கிட்டு ஓடியாறாத. ஆருன்னும் கேக்காத தாயி. கேட்டா அவுக பதில் பேச மாட்டாக, நாந்தான் அப்பிடிப் பழக்கி வச்சிருக்கேன். பேசாம கதவத் தொறந்து விட்டுரு.